முதல் அடி ஐயனாருக்கு

என் நாட்குறிப்பில் போன சனிக்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: 'வரதன் அண்ணை. துவக்குக் கிளப். மழை இல்லை. முதல் அடி.'

கடைசி இரண்டு சொல்லை மட்டும் விளக்க வேண்டும்.

வரதன் அண்ணை டென்மார்க்கின் இக்காஸ்டில் துணித் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவருடைய தகப்பன், அப்பு, வன்னியில் வேட்டைக்காரர். வைத்திருந்தது குழல்வாய் வழியாக மருந்து இடித்து நிரப்புகிற இடியன் துவக்கு. அதே வகைத் துவக்குக்கு இங்கே ஒரு கிளப்! அன்று அண்ணைக்கு அங்கத்துவச் சோதனை; மொழிபெயர்க்க நான்.

"இந்த மனிசன் ஆரைச் சுடப்போறார்? இஞ்சை முயலுக்கும் பேர் வைச்செல்லோ வளக்கிறாங்கள்!" – வழியனுப்பும்போது அண்ணையின் மனைவி, அக்கா.

இடியனுக்கு நெருப்புத் தருவது ஒரு செப்புத் தொப்பி. குழல் அடியிலுள்ள முனையில் மாட்டினால், சுத்தியல் அடிக்க வெடிக்கும்.

கிளப்பின் துவக்கால் அண்ணை சுட்டார். 'டிக்.' அவ்வளவுதான். குழலை அசைக்காமல் பொறுத்திருந்து மறுபடி அடித்தார் – டுமீல்! அடுத்த முறையும் அதே கதை. சோதிக்கிற ஜென்ஸ் முகத்தைச் சுளித்தார். "இன்னொரு தடவை இப்படியென்றால் இன்றைக்கு அங்கத்துவம் இல்லை."

"தம்பி, அவருக்கு விளங்கப்படுத்து. முதல் அடி ஐயனாருக்கு. ரெண்டாவதுதான் எங்களுக்கு. அப்பு அப்பிடித்தான் சொல்லுறவர்."

ஐயனாரை டெனிஷில் எப்படிச் சொல்வது? "காட்டின் கொம்யூன்" என்றேன். இங்கே வரி எடுக்கிற நகரசபைக்கு அதுதான் பெயர்.

"கொம்யூன் என்றால் முதல் பங்கு எடுக்கத்தான் செய்யும்" என்று சிரித்த ஜென்ஸ், புதுத் தொப்பி ஒன்றை மாட்டிப் பார்த்தார். அண்ணை வாங்கி வந்தது பத்தாம் நம்பர். முனைக்கு இறுக்கம், முழுதாக இறங்கவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளுகிறது, இரண்டாவது வெடிக்க வைக்கிறது.

பதினோராம் நம்பரை நீட்டினார். அண்ணை பெருவிரலால் அழுத்தி மாட்டினார். ஆடவில்லை, கழலவில்லை. முதல் அடியிலேயே டுமீல்!

அங்கத்துவம் கிடைத்தது. காரில் திரும்பினோம். இக்காஸ்ட் கிட்ட வந்தபிறகுதான் அண்ணை கேட்டார்: "அப்ப... அப்பு உயிருள்ள மட்டும் பிழையான தொப்பியோடையோ காட்டுக்குப் போனவர்?"

"கடையில கிடைச்சதைத்தானே அண்ணை வாங்கியிருப்பார்."

"ஓம்... காட்டுப்பண்டிக்கு முன்னால நிண்டு, 'டிக்' எண்ட பிறகும் ஓடாமல் நிண்ட மனிசன். ஐயனார் இருக்கிறார் எண்டுதானே நிண்டவர்?"

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன்.

அப்புவின் துவக்குக்குப் பொருந்திய நம்பர் பத்தா, பதினொன்றா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. அப்புவும் இல்லை, துவக்கும் இல்லை. ஆகவே, மறு அறிவித்தல் வரை முதல் அடி ஐயனாருக்கே!