பதினொன்றாம் வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர்

துடியலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. ஒரே சீட்டில் பட்டுப்புடவை அம்மா ஒருவர், பக்கத்தில் ஒர்க்‌ஷாப் கிரீஸ் படிந்த கையோடு ஒருவர், ஜன்னலோரம் இந்தியில் போன் பேசும் பெண். அட, நான் பாடம் நடத்தும் பள்ளியும் இப்படித்தானே! இதை ஏன் வெளியே சொல்வதே இல்லை?

அவசரமும் இருந்தது. ரேங்க் என்று துரத்தாத சின்னப் பள்ளி எங்களுடையது. இந்த வருடம்தான் முதன்முதலாகப் பதினொன்றாம் வகுப்பு. பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடக்கும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எட்டோடு நின்றது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் பிள்ளையைப் புதிதாக எங்கேயும் சேர்க்க மாட்டார்கள்.

அன்று மாலையே பெரிய சார்ட்டில் எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்ன வேலை, எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று கலர் கலராக எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். தறி ஓட்டுபவர், டாக்டர், தெலுங்கு பேசும் மில் குடும்பம், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்.

கோபியிலிருந்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் மகளுக்காக வந்தார். சார்ட்டை மேலிருந்து கீழே படித்தார்.

"ஏனுங்க டீச்சர், இதுல நம்ம பக்கத்துக் குடும்பம் எத்தனைங்க?"

ஜாதியை இவ்வளவு மரியாதையாகக் கேட்டால் கோபப்படக்கூட வழியில்லை. "எல்லாரும் இருக்காங்கங்க" என்றேன்.

"அதைத்தானுங்க பார்த்தேன். ஊட்ல கேட்டுப்போட்டு வாரேனுங்க."

மறுநாள் கருமத்தம்பட்டியிலிருந்து தறி ஓட்டும் அம்மா. அவர் விரல் 'டாக்டர்' என்ற இடத்தில் நின்றது. "இவங்க பசங்களுக்கு நடுவுல எம்பட புள்ள எப்படி கண்ணு உக்காரும்? வேண்டாமுங்க."

எதை அழகு என்று ஒட்டினேனோ, அதையே காட்டி இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கேயும் சார்ட்தான்.

முதல் ஆளாகச் சேர்ந்திருந்த மாணவி வந்து எட்டிப் பார்த்தாள். "மிஸ், இது ஸ்கூல் சார்ட்டா, கல்யாணத் தரகர் நோட்டா?"

"சிரி, சிரி. கிளாஸ் நடக்கலைன்னா எங்க போவே?"

"பழைய ஸ்கூலுக்குத்தான்." சிரிப்பு நின்றுவிட்டது. "மறுபடியும் ரேங்க் குறைஞ்சதுக்கு ஆபீஸ் வாசல்ல முட்டி போட என்னால முடியாது மிஸ்."

சார்ட்டைக் கிழித்தேன். திரும்பிப் போன இருவருக்கும் போன் செய்து, சனிக்கிழமை பத்து மணிக்கு மகளோடு ஒருமுறை வகுப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இன்னொருவர் வருவது இருவருக்கும் தெரியாது. பின்பக்கம் கெட்டுக்கிடக்கும் தண்ணீர் மோட்டாரைப் பிரிப்பதுதான் அன்றைய பாடம்; நடத்தப்போவது முதலில் சேர்ந்த இந்த மாணவி. வருகிற இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பேனர்தான் கொடுப்பதாக இருக்கிறேன்.