மூன்று மணித் தண்ணீர்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு இயந்திரம் நிற்கிறது. தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பை எடுத்துவிட்டு, மென்னீராக்கி மேலே அனுப்பும். அதன் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கி, மனைவியை நேரத்தோடு டொக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். ஆனால் கார் ஏற்கெனவே இருந்தது. கூட்டிப்போகாததற்குக் காரணம் அதுவல்ல.

நோத்ர-டாம்-த-கிரேஸில் வாடகைக்கு இருந்தவரை நான் தண்ணீரைப் பற்றி யோசித்ததில்லை. புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கியதும் மீட்டர் வந்தது, பில் வந்தது, நானும் ஒரு தண்ணீர் நிபுணனானேன். அந்த மாரியில்தான் மனைவிக்குக் கடி தொடங்கியது. முதுகு, கை, கால் எல்லாம் அரிப்பு. சீப்பால் சொறிவாள், பிறகு கரண்டிக் காம்பால். சவர்க்காரத்தை மாற்றிப் பார்த்தோம், சலவைத்தூளை மாற்றிப் பார்த்தோம். கோயிலில் கண்டவர்களெல்லாம் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "புது வீட்டுத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை." எங்கள் ஆட்கள் அப்படித்தான். தலைமயிர் கொட்டினாலும் பழி தண்ணீருக்குத்தான்.

நான் வாசிக்கிறவன். எல்லாவற்றையும் வாசித்தேன். மென்னீர் வந்தால் சவர்க்காரம் பாதி போதும், சுடுதண்ணீர்த் தாங்கி நெடுநாள் நிற்கும், உடுப்பு வெளுக்காது. மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓம், ஓம்" என்று சொறிந்துகொண்டே கேட்டாள்.

பிளம்பர் எங்கள் ஆள், என்னிலும் பத்து வயது இளையவர். குழாய்த் தண்ணீரில் ஒரு கடதாசித் துண்டைத் தோய்த்து நிறம் பார்த்தார்.

"அண்ணை, இந்தத் தண்ணிக்கு மெசின் அவ்வளவு தேவையில்லை. உங்கடை காசு, நான் பூட்டித் தாறன். ஆனா அக்காவை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்."

"டொக்டருக்கு மூண்டு மாசம் காத்துக்கொண்டிருக்கவேணும் தம்பி. மெசின் செவ்வாய்க்கிழமை வந்திடும்."

அவர் சிரித்தார். நல்ல பகிடி என்று எனக்கே பட்டது. பிறகு மூன்று வீடுகளில் அதைச் சொல்லியும் சிரிக்கவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மெசின் வந்தது. தண்ணீர் வழுவழுத்தது, எவ்வளவு கழுவினாலும் சவர்க்காரம் போகாத மாதிரி இருந்தது. "குறைஞ்ச மாதிரித்தான் கிடக்கு" என்றாள் மனைவி. அது எனக்காகச் சொன்னது என்பது இப்போது தெரிகிறது. கோடையில் கால் வீங்கியது. புதுச் சப்பாத்தைக் குற்றம் சொன்னேன். கடி தொடங்கி எட்டு மாதத்தின் பின்தான் இரத்தம் சோதிக்கக் கொடுத்தோம்.

இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. டொக்டர் முதலில் பிரெஞ்சிலும், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலும் சொன்னார். கடியும் அதன் அறிகுறிதான், எவ்வளவு காலமாக என்று கேட்டார். "கொஞ்ச நாளாய்" என்றாள் மனைவி. அவள் எனக்குச் செய்த அந்த உபகாரத்தை நான் திருத்தவில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

இப்போது கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். சமையலறையில் உப்புக்குத் தடை. சுண்ணாம்பை எடுக்க மெசினுக்கு உப்பு வேண்டும், அதற்கென்று நான் மட்டும் இருபது கிலோ உப்பு மூட்டைகளை பேஸ்மென்டுக்குச் சுமந்து இறக்குகிறேன். அவளுக்குக் குடிக்க நாளுக்கு ஒரு லீட்டர்தான், தேத்தண்ணீரும் சூப்பும் சேர்த்து. காலையில் ஒரு போத்தலில் அளந்து வைப்பாள். அது முடிந்தால் ஒரு ஐஸ்கட்டி. மெசினோ நாலு நாளுக்கொருமுறை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். ஒரு கழுவலுக்குச் சுமார் இருநூறு லீட்டர், நேரே சாக்கடைக்கு. சவர்க்காரத்தில் மிச்சம் பிடித்தது உண்மைதான். தண்ணீர் பில்லில் அது போய்விட்டது.

வழக்கமாக ஆட்கள் தூங்கும் நேரத்தில்தான் கழுவும். இந்த மாரியில் மின்சாரம் நின்று வந்ததில் அதன் மணிக்கூடு பிசகி, பிற்பகல் மூன்று மணிக்குக் கழுவத் தொடங்கியது. மனைவி ஆஸ்பத்திரியால் வந்து சோபாவில் படுத்திருக்கும் நேரம். போத்தல் அநேகமாக வெறுமை. கீழே ஒரு மணித்தியாலம் தண்ணீர் ஓடும் சத்தம். இதைவிடக் கொடுமை வேண்டாம் என்று கையேட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?"

"மெசின்ரை நேரத்தை மாத்த. உமக்கு இந்தச் சத்தம்…"

"விடுங்கோ. கேக்க நல்லாக் கிடக்கு. தொண்டை கொஞ்சம் ஆறுது." கண்ணை மூடிக்கொண்டாள். "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது. எனக்கு இதாவது செய்யட்டும்."

அன்று நான் நேரத்தை மாற்றவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போன சமயம் கீழே இறங்கி, நாலு நாளுக்கொருமுறை என்றிருந்ததைத் தினமும் என்று மாற்றினேன். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது வீண்செலவு என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் வாசித்தேன், பிரெஞ்சிலும் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

மூன்று மணிக்குச் சத்தம் தொடங்கியது. அவள் தலையைத் திருப்பினாள்.

"இது நேற்றும் ஓடினதெல்லோ?"

"பழுதாப்போச்சாக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

"பிளம்பரைக் கூப்பிடாதேங்கோ" என்றாள்.