கரியமில வாயுவைக் கல்லாக்கி விற்ற கதை

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பவருக்கு வாயைவிடக் காதுதான் அதிகம் உழைக்க வேண்டும். இன்சூரன்ஸ் விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கடலில் கரைந்து கிடப்பதை எடுத்துச் சிப்பி தன் ஓட்டைக் கட்டிக்கொள்கிறது அல்லவா? அதைப் பார்த்து, ஆலைக் கசடுக்குள் கரியமில வாயுவை ஏற்றி இறுகவைத்த கல் எங்களுடையது. உள்ளே போன வாயு திரும்பி வராது. காரைக்காலில் நாங்கள் நான்கே பேர். மழைக்காலத்தைத் தாண்டி ஒரு சுவராவது நிற்காவிட்டால் பட்டறையை மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

தலத்தெருவில் ஒரு சந்தேகம்

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர், மாடியில் அறை கட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், காப்பியும் கொடுத்தார். கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரிம்மா, படம் மாட்ட ஆணி அடிச்சா வாயு வெளிய வந்துராதுங்களா?"

மேஸ்திரியின் இரக்கம்

எங்கள் மாரியப்பன் மேஸ்திரிக்குக் கட்டட வேலையில் முப்பது வருஷப் பழக்கம். வாயு ஏற்றும் அறைக்குள் அடுக்கிய, இன்னும் இறுகாத பச்சைக் கற்களுக்கு, கதவை மூடுமுன் யாருக்கும் சொல்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நுண்துளையெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வாயு எப்படி நுழையும்? ஒரு வாரம் கழித்து எடுத்தால் கையோடு உதிர்கிறது. நான் கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மனுஷன் முகம் வாடிப்போய்ச் சொன்னார்:

"தண்ணி காட்டாத செவுரு நிக்காதுன்னுதாங்க எனக்குத் தெரியும்."

மண்டபத்தூர் சுவர்

மீன் விற்கும் செல்வி அக்காவின் குளியலறைச் சுவரை உப்புக்காற்று அரித்துத் தின்றிருந்தது. எங்கள் கல்லையும் செங்கல்லையும் கடல் தண்ணீர் வாளியில் ஒரு மாதம் ஊறப்போட்டு, அவரே சோதித்து எங்கள் கல்லைத் தேர்ந்தெடுத்தார். மாரியப்பனே கட்டிக் கொடுத்தார்.

அந்த வருஷம் மழையும் காற்றும் எங்களைப் பழிவாங்குவதுபோல் அடித்தன. ஓய்ந்த அன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுவர் நின்றது. ஒரு பொருக்குகூட உதிரவில்லை. அழுதேவிட்டேன். அழுகையோடே, அந்தச் சுவருக்குள் எவ்வளவு வாயு அடைந்து கிடக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா கையமர்த்தினார்:

"அது பாட்டுக்கு உள்ளயே கெடக்கட்டும்மா. அடுப்படி செவுத்துக்கு எப்ப கல்லு எறக்குறீங்க?"

உலகத்தைக் காப்பாற்றத்தான் இந்த வேலைக்கு வந்தேன். இதுவரை ஒரு குளியலறையைக் காப்பாற்றியாயிற்று, அடுத்தது அடுப்படி.