அன்னதானத்தில் இறைச்சி உப்பு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இருநூறு பேருக்குச் சமைத்த கோயில் சாப்பாட்டை நான் கெடுத்தேன். துணைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெட்டி உப்பும், அப்பாவின் கொத்தமல்லிப் பாத்தியைத் தின்ற நத்தைகளும் இருந்தன. உப்பு கரைந்துவிட்டது, நத்தைகள் செத்துவிட்டன. விசாரிக்க மிச்சமாக நின்றது நான் மட்டும்தான்.

அப்போது நாங்கள் டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தோம். மூடிப்போன ஒரு தையல் ஆலையின் பின்கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் ஒரு முருகன் கோயில் நடத்திவந்தார்கள். கோடை விடுமுறையில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசையும் அன்னதானமும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. ஏழாம் நாள் எங்களுடையது.

எங்கள் உபயத்துக்குச் சமையல் என்றால் அது மாமியின் கை. மாமி என்றால் அப்பாவின் அக்கா. ஒன்பது வருடமாக அகப்பை அவரிடம்தான் இருந்தது. அம்மா காய் வெட்டுவார், தேங்காய் துருவுவார், கடைசியில் அண்டாவைக் கழுவுவார். அம்மாவுக்குக் கைப்பக்குவம் போதாது என்பது மாமியின் தீர்ப்பு. அதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை, அம்மாவிடமும்தான். அம்மா சிரித்துவிட்டு அடுத்த தேங்காயை எடுப்பார். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். குசினியில் கோப்பைகள் வழக்கத்தை விடப் பெரிய சத்தத்தோடு கழுவப்படும்.

அந்த வருடம் மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அண்டாவுக்கு முன்னால் நிற்க முடியாது என்றாகிவிட, வேறு வழியில்லாமல் அகப்பை அம்மாவிடம் வந்தது. மாமி கதிரையில் இருந்தபடி அளவுகளைச் சொன்னார், அம்மா அவற்றை ஒரு கொப்பியில் எழுதினார். பருப்பு இத்தனை சுண்டு, புளி இவ்வளவு, சாம்பாருக்கு உப்பு ஒன்றரைச் சுண்டு. சுண்டு என்பது வேறொன்றுமில்லை, ஊரில் அரிசி அளக்கிற பால்பேணி, பால் வந்த தகர டின். அளவு பிழைக்கக் கூடாது. ஏனென்றால் சுவாமிக்குப் படைக்கும் வரை ஒருவரும் ருசி பார்க்கக் கூடாது. அண்டாவுக்கு மேல் குனிந்து மணம் பிடிப்பதுகூடக் குற்றம். எழுதியதை நம்பிப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மா அந்தக் கொப்பியை வேலைக்குக்கூடக் கொண்டுபோனார். தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் பாடமாக்கினாராம்.

திருவிழாவுக்கு மாமாவும் வந்தார். அவர் அம்மாவின் தம்பி. நியூயோர்க்கில் ஒரு உணவகத்தில் சமையற்காரர். மற்றவர்களின் மாமாமார் அமெரிக்காவிலிருந்து சொக்கிலேட்டும் காலுக்குச் சப்பாத்தும் கொண்டுவருவார்கள். எங்கள் மாமா ஒரு பெரிய பெட்டி உப்பு கொண்டுவந்தார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“டென்மார்க்கைச் சுத்திக் கடல் கிடக்கு. நீ விமானத்தில உப்புக் கொண்டு வாறாய்.”

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. இது கோஷர் உப்பு, அங்கே நல்ல சமையற்காரர் எல்லோரும் இதைத்தான் பாவிக்கிறார்கள் என்று விளக்கத் தொடங்கினார். யூதர்கள் இறைச்சியில் இரத்தம் இருக்கக் கூடாது என்பதால் சமைக்குமுன் இந்தப் பெரிய மணி உப்பை இறைச்சியில் அப்பி வைத்து இரத்தத்தை இழுத்துவிடுவார்களாம். “இரத்தம்” என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா பெட்டியை வாங்கி அலுமாரியின் மேல் வைத்துவிட்டார். திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். வீட்டில் பத்து நாளும் சுத்த சைவம். நானும் அன்றே அந்த உப்புக்கு இறைச்சி உப்பு என்று பெயர் வைத்துவிட்டேன்.

இனி நத்தைகள். டென்மார்க்கில் ஓடில்லாத, விரல் நீளத்தில் மண்ணிற நத்தை ஒன்று உண்டு. டேனிஷ்காரர் அதற்குக் கொலைகார நத்தை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மழை பெய்தால் போதும், காலையில் பாத்தியில் தண்டு மட்டும் நிற்கும். உப்புப் போட்டால் அவை செத்துவிடும் என்று என் வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள். எங்கள் உபயத்துக்கு முதல் நாள் பின்னேரம், அப்பாவின் கொத்தமல்லியைக் காப்பாற்றுவதென்று நான் முடிவெடுத்தேன். மேசையில் இருந்த உப்புக் குப்பி போதவில்லை. அன்னதானத்துக்கென்று அம்மா புது உப்பு வாங்கி ஒரு பெரிய போத்தலில் நிரப்பி வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பதினொரு நத்தைகள் இருந்தன. நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, போத்தல் காலியாகிவிட்டது.

காலிப் போத்தலைப் பார்த்தபோதுதான் நாளைக்கு அம்மா இதைத்தான் தேடுவார் என்று உறைத்தது. கடைக்குப் போகக் காசில்லை. கதிரையில் ஏறி மாமாவின் பெட்டியை எடுத்துப் போத்தலுக்குள் கொட்டினேன். உப்புத்தானே, வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஒரு சமாதானம். காலிப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் இறைச்சி ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் கோயில் குசினியில் அம்மா போத்தலைத் திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், வாய் மூடிக்கொண்டது. அம்மா மணிகளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“கல்லுப்புப் போல கிடக்கு. உப்பிடிப் பெரிய கல்லெண்டா கூடக் கரிக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அளந்த ஒன்றரைச் சுண்டிலிருந்து ஒரு கை உப்பைத் திரும்பப் போத்தலுக்குள் போட்டார்.

மணி பெரிதென்றால் உப்பும் பெரிது என்றுதான் எனக்கும் கணக்கு. கரிக்காமல் அம்மா காப்பாற்றிவிட்டார் என்று ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், முருகனுக்கு இறைச்சி உப்பில் சாம்பார் போகிறதே என்ற நடுக்கம். பூசை முடியும் வரை நான் திரையைப் பார்க்கவே இல்லை. திரை விலகியபோது எல்லோரும் அரோகரா என்றார்கள். என் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

பந்தி தொடங்கியது. பாய்களில் வரிசையாக ஆட்கள், சுவரோரம் என்னைப் போன்ற பிள்ளைகள். அம்மா ஒரு கையில் சாம்பார் வாளியோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். முதல் வரிசையில் ஒருவர் மெல்லிய குரலில் கொஞ்சம் உப்புக் கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் கேட்டார். பிறகு வரிசை முழுக்க ஒரு முணுமுணுப்பு. மாமி கதிரையில் இருந்து ஒரு கவளம் வாயில் வைத்தார், மென்றார், கையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார்.

“நான் சொன்ன அளவைத்தானே போட்டனீ, பிள்ளை?”

“ஓம் மச்சாள்.”

“அப்ப கைதான்.”

அவ்வளவுதான் சொன்னார். அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. ஒரு கை உப்பைத் திரும்பப் போட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வாளியை இறக்கி வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல் நின்றார். அம்மா அப்படி நின்று நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

உப்பு எடுத்துவர மாமா குசினிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் போத்தல். அதற்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, இது என்ர உப்பெல்லோ! நல்லதாப் போச்சு, மேலால தூவினால்தான் இது இன்னும் ருசி” என்று சொல்லிக்கொண்டே முதல் வரிசையில் இருந்தவரின் சோற்றில் தூவத் தொடங்கினார்.

இனிப் பொறுக்க முடியாது. படைத்தது திரைக்குப் பின்னால் நடந்தது. இது என் கண் முன்னால் நடக்கிறது. அது இறைச்சி உப்பு, சாப்பிடாதீர்கள் என்று நான் கத்தினேன். பதற்றத்தில் டேனிஷில் கத்திவிட்டதால் சுவரோரப் பிள்ளைகள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மூச்சு எடுத்து, தமிழில் இன்னொரு தரம் கத்தினேன். மண்டபம் முழுவதும் கை வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். நத்தை, போத்தல், பெட்டி, கதிரை, அம்மா ஒரு கை உப்பைக் குறைத்தது வரை. மாமா குறுக்கே விழுந்து விளக்கப் பார்த்தார். ஆனால் பாவம், இரத்தம் என்ற சொல் இல்லாமல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்க விளக்க ஆட்கள் தட்டைத் தள்ளி வைத்தார்கள். ஐயர் எழுந்து வந்தார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் நான் அவருடைய காலைப் பார்த்தேன்.

“இந்த உப்பில மச்சம் மாமிசம் ஏதும் பட்டதோ?” என்று மாமாவிடம் கேட்டார்.

“இல்லை ஐயா. வெறும் உப்பு. அயடின்கூடச் சேர்க்கேல்லை. அவை இறைச்சியில பூசுறதுக்கு எடுக்கிறபடியால் அந்தப் பெயர், அவ்வளவுதான்.”

ஐயர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். “வாழையிலையில மச்சம் சாப்பிடுற ஆக்களும் இருக்கினம். அதுக்காக வாழையிலை மச்சமோ?” என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினார். மாமா ஒரு சிட்டிகை வைத்தார். ஐயர் அதை வாயில் போட்டுக்கொண்டு, நல்ல உப்பு என்றார். இருநூறு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். நான் அப்படியே பாயில் இருந்துவிட்டேன்.

மாமி மட்டும் விடவில்லை. உப்பு உப்புத்தான் என்றால், சுண்டு சுண்டுதான் என்றால், ஒரு கை குறைத்ததற்கா சாம்பார் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாமா குசினியிலிருந்து தராசையும், அங்கே கிடந்த சாதாரணத் தூள் உப்புப் பைக்கற்றையும் கொண்டுவந்து மாமியின் கதிரைக்கு முன்னால் வைத்தார். சுண்டு நிறையத் தூள் உப்பை நிறுத்தார். அதே சுண்டு நிறையத் தன் உப்பை நிறுத்தார். ஏறக்குறையப் பாதிதான் வந்தது.

“நொறுக்கின அப்பளம் ஒரு சுண்டும் அப்பள மா ஒரு சுண்டும் ஒரே பாரமோ, சொல்லுங்கோ? இதுவும் செதில் செதிலா இருக்கிறபடியால் இடையில காத்துத்தான் கூட. அக்கா குறைக்காமல் போட்டிருந்தாலும் உப்புக் காணாதுதான்.”

இன்று ஆர்ஹூஸில் என் சொந்தக் குசினியில் இந்த உப்பு ஒரு கிண்ணத்தில் எப்போதும் இருக்கிறது. விரல்களுக்கு நன்றாகப் பிடிபடும், தூவினால் எங்கே விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நிறுத்துப் போட்டால் எந்த உப்பும் ஒன்றுதான், கரண்டியால் அளந்தால்தான் வில்லங்கம். ஒரு கொம்பனியின் பெட்டிக்கும் இன்னொரு கொம்பனியின் பெட்டிக்கும்கூட மணியின் அளவு மாறும், அதனால் புதுப் பெட்டி வாங்கினால் முதல் கறியில் நான் கை அடக்கித்தான் போடுவேன். எனக்கு ருசி பார்க்கிற சுதந்திரமும் இருக்கிறது.

மாமி தராசு முள்ளைக் கனநேரம் பார்த்தார். இரண்டையும் இன்னொரு தரம் நிறுக்கச் சொன்னார். பிறகு தன் தட்டை எடுத்து அம்மாவின் பக்கம் நீட்டினார்.

“அப்ப சாம்பாரில பிழையில்லை. கொஞ்சம் உப்புப் போட்டுவிடு, பிள்ளை.”

அம்மா தூவினார். மாமி குழைத்துச் சாப்பிட்டார். பிறகு இன்னும் ஒரு அகப்பை சாம்பார் கேட்டார். அம்மா ஊற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தார். அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் தலையில் ஈரமாகவும் ஏதோ விழுந்தது. ஒன்றும் விளங்கவில்லை, என்றாலும் அடி விழவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. திருவிழாக் காலத்தில் உயிர்களைக் கொன்றதற்கு மூன்று தரம் கோயிலைச் சுற்றிக் கும்பிடச் சொன்னார் ஐயர். நத்தைக்கு ஒன்றாக நான் பதினொரு தரம் சுற்றினேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் அம்மா தொலைபேசியை எடுத்தார். யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவுக்கு, லண்டனில் சித்திக்கு, விபோர்க்கில் இருந்த சிநேகிதிக்கு, பிறகு யார் யாருக்கோ. மகள் உப்பை மாற்றி வைத்துவிட்டாள் என்று தொடங்கி, ஒன்றும் விடாமல் சொன்னார். தராசு வரும் இடத்தில் குரல் உயரும். உப்பை இரண்டு தரம் நிறுத்ததை இரண்டு தரம் சொல்வார். கதை எப்போதும் மாமி “சாம்பாரில பிழையில்லை” என்று சொன்னதில்தான் முடியும். தொழிற்சாலையில் டேனிஷ்காரப் பெண்களுக்கும் சொல்லியிருக்கிறார். என்னை வழியில் கண்ட ஒருத்தி நத்தைகள் சுகமா என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அழுதுகொண்டே அம்மாவிடம் போய், ஏன் ஊரெல்லாம் என்னைப் பற்றியே சொல்லித் திரிகிறீர்கள் என்று கேட்டேன். அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, உண்மையாகவே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“உன்னைப் பற்றி ஆர் பிள்ளை கதைச்சது?”

என் முகத்துக்கு நேரே இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.