நான் கொடுத்த புகார்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். படலுக்கு வெளியே ஒரு அம்மா வந்து நின்றது. கையில் மஞ்சள் பை.

"ஐயா, நான் அகதி முகாமில இருந்து வாறன். உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்."

எனக்கு உடனே யார் என்று தெரிந்துவிட்டது. படலைத் திறக்கவில்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு இந்த அம்மாவின் மகன் எங்கள் வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் வெள்ளையடிக்க வந்தான். இருபது வயசுப் பையன். சின்ன வயசிலேயே இலங்கையிலிருந்து வந்தவன் என்பதால் பேச்சு எங்கள் பேச்சாகவே இருக்கும். நல்ல வேலைக்காரன். அவன் வேலை முடித்துப் போன மறுநாள், மோட்டாருக்குப் போட்டிருந்த செம்புக் கம்பியைக் காணோம். நான் யோசிக்கவில்லை. அகதிப் பையன்தான் என்று ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்று நாளும் இந்த அம்மா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது. அடித்தார்கள் என்று கேள்வி. கம்பி கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

அவன் எடுக்கவில்லை என்பது மூன்றே மாதத்தில் எனக்குத் தெரிந்துபோனது. எடுத்தது என் மச்சினன், என் மனைவியின் தம்பி. வீட்டோடு மூடிவிட்டோம். புகாரை நான் திரும்ப வாங்கவும் இல்லை, அந்தப் பையனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதனால் அந்த அம்மா வந்து நின்றதும் எனக்கு ஒரே எண்ணம்தான். விஷயம் தெரிந்துவிட்டது. கேஸ் போட வந்திருக்கிறது.

"என்ன விஷயம்?" என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் குடுத்த புகாரிண்ட நகல் உங்களிட்ட இருக்கோ ஐயா?"

எனக்குச் சந்தேகம் உறுதியானது. "அதெல்லாம் எப்பவோ தொலைஞ்சு போச்சு" என்றேன்.

அந்த அம்மா நகரவில்லை. மகன் ஏஜென்டு மூலமாக வெளிநாடு போய்விட்டானாம். ஐரோப்பாவில் ஒரு நாடு. பெயர் சொன்னது, எனக்கு வாயில் வரவில்லை. அகதி என்று மனுப் போட்டிருக்கிறான். "உன் பேச்சு இந்தியாக்காரன் பேச்சு, நீ இலங்கையே இல்லை" என்று சொல்லித் தள்ளிவிட்டார்களாம். கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறான். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"முகாம் ஆக்கள் குடுத்த கடிதத்தை நம்புறாங்கள் இல்லை. காசு குடுத்தா ஆரும் எழுதுவினம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். அவனுக்கு வேண்டாத ஆள், அந்த நாளிலயே எழுதின தாள் ஒண்டு இருந்தா நல்லம் எண்டு அங்க இருக்கிற லாயர் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் திண்டுக்கல் வக்கீலிட்ட இருக்கு. ஸ்டேஷனில கேட்டன். பழசெல்லாம் எரிச்சாச்சாம்."

"அதுக்கு என் புகார் என்னத்துக்கு?"

"அதில அவன் இலங்கை அகதி எண்டு எழுதிக் கிடக்கு. அவன்ர தகப்பன்ர பேர், எங்கட ஊர், முகாம் எல்லாம் இருக்கு. அவனை விடேக்க ரைட்டர் வாசிச்சவர். எனக்கு ஞாபகம்."

"பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். நல்ல வெயில். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை.

உண்மையில் தாள் தொலையவில்லை. பட்டா, பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னது எல்லாம் இருந்தது. வெள்ளையடிக்கும்போது அவனே என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னவை. அவன் மேல் புகார் எழுதும்போது எனக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது. கீழே என் கையெழுத்து, ஸ்டேஷன் முத்திரை, தேதி.

அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தாளை வாங்கி என் மேலேயே திருப்பினால்? மறுநாள் திண்டுக்கல் போய், அந்த அம்மா சொன்ன வக்கீலைப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினார். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்கூட மாறவில்லை.

வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, வெறும் புகாரை அனுப்புனா அவனைத் திருடன்னு நெனைப்பாங்க. பொய்ப் புகார்னு நீயே சத்தியம் பண்ணி எழுதித் தரணும். அப்பிடின்னா எடுத்தது யாருன்னு அங்க கேப்பான். சொல்லுவியா?"

வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். தட்டில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"எந்தம்பி பேரை எழுதப் போறீகளா?"

"ஆமா."

"அந்தப் பொம்பள ஊருக்குள்ள சொன்னா?"

"சொல்லட்டும்."

மீதியையும் தட்டில் வைத்து முடித்தாள். பிறகு, "எழுதுனா எழுதுங்க. பொங்கலுக்கு அவன் வரலைன்னா என்னையக் கேக்காதீக" என்றாள்.

இரண்டு நாள் கழித்து கோர்ட்டு வாசலில் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தேன். புகார் பொய். கம்பியை எடுத்தது என் மச்சினன். தெரிந்தும் மறைத்தேன். மூன்று வரிதான்.

பழைய புகார், இது, இரண்டு தாளையும் அங்கேயே வந்திருந்த அந்த அம்மா கையில் கொடுத்தேன். கும்பிடும், அழும் என்று நினைத்தேன். அந்த அம்மா தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. முத்திரையை விரலால் தடவியது. பிறகு என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு எதிரே ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம் முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டது. மச்சினன் பெயரை ரோட்டில் போகிற ஆட்கள் எல்லாம் கேட்டார்கள். நான் வெயிலில் நின்றேன். என்னை நம்பாதது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பொங்கலுக்கு மச்சினன் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அந்த அம்மா மறுபடியும் படலுக்கு வெளியே நின்றது. ஓடிப்போய்த் திறந்தேன். உள்ளே வரவில்லை.

"பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது ஐயா. நீதிபதி உங்கட புகாரைத்தான் பெரிசா எடுத்தவராம். பகையாளியே அவனை இலங்கை அகதி எண்டு எழுதினது பொய்யா இராது எண்டு."

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன்.

"வேண்டாம் ஐயா. பஸ்ஸுக்கு நேரமாச்சு." இரண்டடி போய்த் திரும்பியது. "அவன் உங்களிட்டச் சொல்லச் சொன்னவன். மோட்டார் ரூமிண்ட மேற்குச் சுவரில ஓதம் ஏறுமாம். வெள்ளை அடிக்கேக்க சுண்ணாம்போட பெவிகால் கலக்கச் சொல்லுங்கோ எண்டவன்."

மேற்குச் சுவரில் இன்றைக்கும் ஓதம் ஏறுகிறது. சுண்ணாம்பு உரிந்து விழுவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பையனைக் காப்பாற்றியது நான் சொன்ன உண்மை அல்ல, அவன் மேல் எனக்கு இருந்த சந்தேகம்தான் என்பது ஞாபகம் வரும். அதை நல்லது செய்த கணக்கில் சேர்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.