கடற்சிங்கத்துக்கு ஆயிலியம் கிடையாது

போன வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே புரோசார்ட்டுக்குக் குடிவந்த மலர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மகள் துஷா நிறைமாதக் கர்ப்பிணி. கடற்சிங்கங்களை ஆராய்கிறவள். அவை எப்போது குட்டி போடுகின்றன, ஏன் அப்போது போடுகின்றன – இதுதான் அவளுக்கு வேலை.

கேட்க ரசமாகத்தான் இருந்தது. கடற்சிங்கத்தின் வயிற்றில் கரு உண்டானதும் வளர ஆரம்பித்துவிடாது. சில மாதங்கள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். பிறகு பகலின் நீளம் மாறுவதைத் தாயின் உடம்பு உணர்ந்த பின்தான் ஒட்டிக்கொண்டு வளருமாம். அதனால் குட்டிகள் எல்லாம் ஒரே பருவத்தில் பிறக்கும். மீன் குறைந்து தாய் மெலிந்தால் பிரசவம் கொஞ்சம் பிந்தலாம்...

"பாத்தியே, அதுகளும் நேரம் பாத்துத்தான் பெறுதுகள்" என்றார் மலர் அக்கா.

பிரச்சினையே அதுதான். துஷாவுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மறுநாள் காலையிலேயே வாருங்கள், மருந்து கொடுத்து வலியை வரவைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளோ ஆயிலியம். பிறக்கப்போவது பெண். ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது. எந்த மாமியாருக்கு? பக்கத்து ஊர் லொங்குய்யிலோ எங்கேயோ இன்னும் கல்யாணமே ஆகாமல் திரிகிற யாரோ ஒருத்திக்கு.

"இரவு எட்டு மணி மட்டும் ஆயிலியம் நிக்குது. பேந்து போவம் பிள்ளை" என்று மகளைத் தடுத்தார் அக்கா.

துஷா வாதாடவில்லை. "அம்மா அழுதா எனக்குப் பிரஷர் இன்னும் ஏறும், அங்கிள்" என்றாள் என்னிடம் மெதுவாக.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், நம்பிக்கையை எதிர்த்து வாதாடி வென்ற எவரையும் நான் கண்டதில்லை. அதன் கணக்கோடு வேண்டுமானால் வாதாடலாம். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது.

"அக்கா, இது ஊர் நேரம். அங்க இரவு எட்டு எண்டா இங்க காலமை பத்தரை. பிள்ளைக்கு வலி வர முதலே ஆயிலியம் போயிடும்."

அவர் விரல் மடித்துப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் நட்சத்திரமெல்லாம் பிழையாவோ பாத்தனான்?"

"ஓம்."

அவர் எழுந்துபோய் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை பின்னேரம் குழந்தை பிறந்தது. மக நட்சத்திரம். துஷாவின் பிரஷரும் இறங்கிவிட்டது.

"நேர வித்தியாசம் மற்றப் பக்கமா இருந்திருந்தா என்ன அங்கிள் செய்திருப்பீங்கள்?" என்று துஷாவின் கணவர் பிறகு என்னைத் தனியாகக் கேட்டார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பொய் சொல்லியிருப்பேன்.