லவ்ரெந்தி எங்கே போனார்

டான்யூப் ஆறு கடலில் கலக்கும் எங்கள் ஊரில், தூண்டிலோடு போகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் மீன் கிடைக்காது. லவ்ரெந்தியின் மனைவி ஃபெவ்ரோனியா முப்பத்தொரு வருடமாக அதைக் கேட்டதில்லை.

அவரிடம் இரண்டு தூண்டில்கள். ஒன்று, வாயெல்லாம் பல்லாக இருக்கும் பைக் மீனுக்கு: உயிருள்ள சிறு மீன் இரை, தூண்டில் நரம்பைக் கடித்து அறுக்காதபடி முள்ளுக்கு மேலே எஃகுக் கம்பி. இன்னொன்று மடவை மீனுக்கு: பொடி முள், ரொட்டி உருண்டை. மடவையை வெடுக்கென்று இழுத்தால் உதடு மட்டும்தான் வரும்.

போன அக்டோபரில் நாணல் நடுவே அவருடைய படகின் எஞ்சின் நின்றுவிட்டது. துடுப்பு வீட்டில் இருந்தது. மதியம் அந்தப் பக்கம் என் படகில் போனேன். இரண்டு தூண்டிலும் தண்ணீரில் கிடந்தன. அவர் இரண்டு கையையும் ஆட்டினார். கிட்டே வராதே என்கிறார் என்று நினைத்தேன். எஞ்சினை அணைத்து, மீன் கலையாதபடி துடுப்புப் போட்டு விலகிப் போனேன்.

மறுநாள் காலை நாணல் வெட்டுகிறவர்கள் அவரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். துறையில் நானும் நின்றேன்.

"கத்தியிருக்கலாமேண்ணே?"

"மடவை கொத்திக்கிட்டிருந்துச்சுடா."

ஃபெவ்ரோனியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "எங்கதான் போய்த் தொலைஞ்சீங்க?"

லவ்ரெந்தியின் முகம் சிவந்தது. "கேட்டுட்டா பாரு! இனி இந்த வருஷம் ஒரு மீனாவது கிடைக்குமா?" என்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மனுஷன்டா. நேர்ல பாத்தும் ஒரு வார்த்தை கேக்கல."